பல்கலைக் கழகத்தில் பார்க்க என்ன இருக்கிறது?



கல்விச் சுற்றுலா என்றவுடன் நம் உள்ளம் துள்ளுகிறது. குற்றாலத்து அருவி, கன்னியாகுமரிக் கடல், தஞ்சைப் பெரிய கோயில் என்று பட்டியல் நீள்கிறது. அந்தப் பட்டியலில் ஒருவர் "பல்கலைக் கழகம்" என்று சேர்த்துவிட்டால் வகுப்பறை சற்றே அமைதியாகி விடுகிறது. "அங்கே பார்க்க என்ன இருக்கிறது? கட்டடமும் மரமும்தானே?" என்று கேட்கிறோம். நல்ல கேள்விதான். அதற்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். சீவலப்பேரியிலிருந்து புறப்பட்டு, நம் சீமைக்குரிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகம் அமைந்துள்ள அபிசேகப்பட்டி வரை சென்று வருவோம். ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய பயணம்தான் இது.

சொல்லின் பொருள்

"கழகம்" என்றால் பலர் கூடும் அவை. பல கலைகளும் கூடும் அவை பல்கலைக் கழகம். மேலை நாட்டில் இதற்கு வழங்கிய இலத்தீன் சொல்லும் முதலில் கட்டடத்தைக் குறிக்கவில்லை. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்த கூட்டத்தையே குறித்தது. இத்தாலி நாட்டின் பொலோனா நகரில் 1088ஆம் ஆண்டு தோன்றியதாகக் கூறப்படும் பல்கலைக் கழகத்திற்குத் தொடக்கத்தில் சொந்தக் கட்டடமே கிடையாது. ஆசிரியர் இருந்த இடத்திற்கு மாணவர் சென்றனர். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் நாளந்தா விளங்கியது. சீனத்திலிருந்து யுவான் சுவாங் அங்கு வந்து பயின்றார். ஆகவே மனிதர் கூடுவதுதான் முதன்மை. கட்டடம் பின்னர் வந்தது.

கூடல் என்றால் என்னவென்று சீவலப்பேரியில் உள்ளவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பொதிகையில் பிறந்த தாமிரபரணியோடு, குற்றால மலையிலிருந்து தென்காசி வழியாக ஓடிவரும் சிற்றாறு இங்கேதான் சேருகிறது. கோதண்டராம ஆறும் வந்து கலப்பதால் இவ்விடம் முக்கூடல் எனப்பட்டது. சீவல்லப பாண்டியன் பெயரால் அமைந்த பேரேரியே சீவலப்பேரி ஆயிற்று என்பர்.

இந்த முக்கூடலைக் களமாகக் கொண்டு "முக்கூடற்பள்ளு" என்ற சிற்றிலக்கியம் தோன்றியது. அதை இயற்றியவர் பெயர் தெரியவில்லை. ஓர் உழவன், முக்கூடலைச் சேர்ந்த மூத்த மனைவி, மருதூரைச் சேர்ந்த இளைய மனைவி, அதிகாரம் செய்யும் பண்ணைக்காரன் ஆகியோர் அதில் வருகின்றனர். மழை பெய்து ஆறு பெருகி வருவதையும், நெல் வகைகளையும், மாட்டு வகைகளையும், மீன் வகைகளையும் அந்நூல் வரிசை வரிசையாகச் சொல்கிறது. வயலில் உழைத்தவர்களின் வாழ்வைக் கண்முன் நிறுத்தும் நூல் அது. நம் ஊருக்கு அருகே மருதூர் அணைக்கட்டைப் பார்த்தவர்கள், இளைய மனைவியின் ஊர் இதுதான் என்பதை அறிந்தால் எவ்வளவு மகிழ்ச்சி கொள்வார்கள்! இந்த முக்கூடலை மனத்தில் வைத்துக்கொண்டு புறப்படுவோம். வளாகத்தில் அது நமக்குப் பயன்படும்.

செல்லும் வழியும் ஒரு பாடம்

சீவலப்பேரிச் சாலை நம்மைப் பாளையங்கோட்டையில் சேர்க்கிறது. கல்லூரிகளும் பள்ளிகளும் நிறைந்த நகரம் இது. 1895இல் தொடங்கிய சாரா தக்கர் மகளிர் கல்லூரியும், இயேசு சபையார் 1923இல் நிறுவிய தூய சவேரியார் கல்லூரியும் இங்குள்ளன.

வண்ணார்பேட்டையைக் கடந்ததும் ஆற்றின்மேல் அமைந்த சுலோசன முதலியார் பாலம் வருகிறது. பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே மக்கள் படகுக்காகக் காத்துக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. அத்துன்பத்தைப் போக்கச் சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொடுத்துக் கட்டிய பாலம் 1843இல் திறக்கப்பட்டது. அடுத்து, சந்திப்பு நிலையத்தருகே இருப்புப் பாதைக்கு மேலே செல்லும் ஈரடுக்கு மேம்பாலம் 1973இல் திறக்கப்பட்டது. முன்னது ஆற்றைக் கடக்க எழுந்தது. பின்னது இரயில் பாதையைக் கடக்க எழுந்தது.

திருநெல்வேலி நகரில் நெல்லையப்பர் கோயில் உள்ளது. நெல்லையப்பர், காந்திமதியம்மன் ஆகிய இருவர்க்கும் உரிய இரட்டைக் கோயில்களை 1647இல் வடமலையப்ப பிள்ளை கட்டிய சங்கிலி மண்டபம் இணைக்கிறது. அங்குள்ள இசைத் தூண்கள் உலகப் புகழ் பெற்றவை. ஒரே கல்லில் பெரிய தூணும் அதைச் சுற்றிச் சிறு தூண்களுமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. தட்டினால் வேறுவேறு ஒலி தருகின்றன. இங்கு ஒரு நிமிடம் நின்று எண்ணிப் பார்ப்போம். ஒலி ஏன் வேறுபடுகிறது? தூணின் நீளமா, பருமனா, கல்லின் தன்மையா? கோயிலைக் கண்டு வியப்பது முதற்படி. "ஏன்?" என்று கேட்பது அடுத்த படி. அந்த "ஏன்?" என்ற கேள்விக்கென்றே ஏற்பட்ட இடத்திற்குத்தான் இப்பொழுது சென்று கொண்டிருக்கிறோம்.

பெயருக்குரிய பெருமகனார்

பேட்டையைத் தாண்டி மேற்கே சென்றால் அபிசேகப்பட்டி. நுழைவாயிலில் உள்ள பெயரை நன்கு வாசிப்போம். அதில் ஒரு நூலின் பெயரும் ஒரு மனிதரின் பெயரும் சேர்ந்திருக்கின்றன.

பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1855இல் ஆலப்புழையில் பிறந்தார். திருநெல்வேலியில் ஆங்கிலத் தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். பின்னர்த் திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியரானார். பொருநைக் கரையிலுள்ள கோடகநல்லூரைச் சார்ந்த சுந்தர சுவாமிகளைத் தம் ஞானாசிரியராகக் கொண்டார். 1897இல், நாற்பத்திரண்டே வயதில் மறைந்தார்.

இக்குறுகிய வாழ்வில் அவர் செய்த பணிகள் இரண்டு. முதலாவது, 1891இல் வெளிவந்த "மனோன்மணீயம்" என்னும் செய்யுள் நாடகம். லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய "இரகசிய வழி" என்ற கதைப்பாடலைத் தழுவியது. ஐந்து அங்கங்களும் இருபது களங்களும் கொண்டது. கதை நடக்கும் இடம் எது தெரியுமா? நம் திருநெல்வேலிதான்! மதுரையை விட்டு வந்த பாண்டிய மன்னன் சீவகன் இங்கே கோட்டை கட்டி வாழ்கிறான். அவனுடைய மகள் மனோன்மணி. அமைச்சன் குடிலன் அரசைக் கவரச் சூழ்ச்சி செய்து, சேர மன்னனோடு போரை மூட்டுகிறான். குருவாகிய சுந்தர முனிவர் தம் ஆசிரமத்திலிருந்து அரண்மனைக்குச் சுரங்க வழி அமைத்து, இறுதியில் உண்மையை வெளிப்படுத்துகிறார். மனோன்மணியின் தோழி வாணியோ, தந்தை வற்புறுத்தியும் தான் விரும்பாத திருமணத்திற்கு இணங்க மறுக்கிறாள். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பெண்ணின் உறுதியை இவ்வாறு எழுதிய பேராசிரியரை நாம் மறக்கலாமா?

நாள்தோறும் பள்ளியில் நாம் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தும் இந்நாடகத்தின் முன்னே உள்ள வாழ்த்துப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டதே. 1970இல் தமிழக அரசு அதைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. எம். எஸ். விசுவநாதன் மோகன இராகத்தில் இசையமைத்தார். 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடல் என அறிவிக்கப்பட்டது. ஆக, இப்பல்கலைக் கழகத்தை நாம் முன்பே அறிவோம். அதன் பெயருக்குரியவரின் சொற்களைத் தினந்தோறும் உச்சரித்து வருகிறோம்!

இரண்டாவது பணி பலருக்குத் தெரியாதது. அவர் கல்வெட்டு ஆராய்ச்சியாளர். ஊர் ஊராகச் சென்று கல்வெட்டுகளைத் திரட்டி, திருவிதாங்கூரை ஆண்ட பழைய மன்னர்களின் வரலாற்றை ஆராய்ந்து எழுதினார். திருஞானசம்பந்தர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டு எனச் சான்றுகளால் நிறுவினார். கற்பனையால் நாடகம் எழுதியவரே சான்றின்றி எதையும் வரலாறு என்று ஏற்காதவராகவும் இருந்தார். கலையும் ஆராய்ச்சியும் ஒரே நெஞ்சில் குடியிருக்கலாம் என்பதற்கு அவரே சாட்சி.

நம்மை நோக்கி வந்த பல்கலைக் கழகம்

இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக் கழகங்களும் 1857இல் ஏற்பட்டன. நம் ஊர்க் கல்லூரிகள் அப்போது சென்னையைச் சார்ந்திருந்தன. சென்னை இங்கிருந்து 600 கிலோமீட்டருக்கும் மேல். 1966இல் மதுரைப் பல்கலைக் கழகம் பிறந்தது. 1978 முதல் அது மதுரை காமராசர் பல்கலைக் கழகம் எனப்படுகிறது. தொலைவு ஏறக்குறைய 160 கிலோமீட்டராகக் குறைந்தது. அதிலிருந்து பிரிந்து 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகம் தோன்றியபோது, நம் மாவட்டத்திலேயே பல்கலைக் கழகம் அமைந்துவிட்டது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கல்லூரிகள் இதனோடு இணைந்துள்ளன.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கல்லூரிக்கும் பல்கலைக் கழகத்திற்கும் என்ன வேற்றுமை? இளங்கலைப் பட்டப் படிப்பைப் பெரும்பாலோர் கல்லூரியில்தான் படிக்கின்றனர். ஆனால் பட்டத்தை வழங்குவது பல்கலைக் கழகம். வளாகத்தில் உள்ள துறைகளில் முதுகலைப் படிப்பும் ஆராய்ச்சியும் சிறப்பாக நடைபெறுகின்றன. இப்பல்கலைக் கழகம் அபிசேகப்பட்டியோடு முடிந்துவிடவும் இல்லை. மலையடிவாரத்து ஆழ்வார்குறிச்சியில் சுற்றுச்சூழல் அறிவியல் மையமும், குமரி மாவட்டக் கடற்கரையில் இராசாக்கமங்கலத்தில் கடல் அறிவியல் மையமும் இதற்கு உண்டு. மலையில் தோன்றிக் கடலில் சேரும் பொருநையைப் போல இதன் கைகளும் மலைக்கும் கடலுக்கும் நீள்கின்றன.

ஒரு முக்கூடல், பல துறைகள்

இப்பொழுது வளாகத்தினுள் நடப்போம். துறைகளின் பெயர்ப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வெறுமனே வாசித்துக்கொண்டே சென்றால் சலிப்புத்தான் மிஞ்சும். நாம் மனத்தில் கொண்டுவந்த சீவலப்பேரி முக்கூடலை ஒவ்வொரு துறையின் வாசலிலும் வைத்துப் பார்ப்போம்.

தமிழ்த் துறை கேட்கும்: முக்கூடற்பள்ளில் வரும் நெற்பெயர்களில் எவை இன்றும் உழவர் வாயில் வழங்குகின்றன? எந்தச் சொல் மறைந்தது?

வரலாற்றுத் துறை கேட்கும்: இப்பேரேரியை வெட்டியது யார்? கல்வெட்டுச் சான்று உண்டா? "என்பர்" என்று நாம் மேலே எழுதியதை எப்படி உறுதி செய்வது?

சுற்றுச்சூழல் அறிவியல் கேட்கும்: அந்நூல் கூறும் மீன்களில் எத்தனை இன்னும் ஆற்றில் உள்ளன? மூன்று நீரும் கலக்கும் இடத்தில் நீரின் தூய்மை எத்தகையது?

நிலத்தை வரைபடமாக்கி ஆராயும் புவித் தொழில்நுட்பம் கேட்கும்: 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் பொருநையில் பெருவெள்ளம் வந்ததே, நீர் எங்கெங்கே ஏறியது? 2023இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இன்னொரு முறை அப்படிப் பெய்தால் எந்தத் தெருவை முதலில் காலி செய்ய வேண்டும்?

பொருளாதாரத் துறை கேட்கும்: பண்ணைக்காரனுக்கும் உழவனுக்கும் இடையே அன்றிருந்த கூலி முறை என்ன? இன்று நடவு நடும் பெண்ணுக்குக் கிடைக்கும் கூலி அவள் குடும்பத்திற்குப் போதுமா?

பார்த்தீர்களா? நாம் குளிக்கவும் துணி துவைக்கவும் சென்ற அதே ஆற்றங்கரை எத்தனை கேள்விகளுக்கு இடமாகிறது! ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, முன்னோர் அதுபற்றி எழுதியவற்றையெல்லாம் நூலகத்தில் வாசித்து, களத்திற்கே சென்று தரவு திரட்டி, தவறாயின் பிறர் திருத்தும்படி எழுதி வைப்பதே ஆராய்ச்சி. அந்த ஏட்டுக்கு ஆய்வேடு என்று பெயர். அபிசேகப்பட்டியில் பார்க்க வேண்டியது இதுவே. அருவியைக் கண்ணால் பார்க்கிறோம். பல்கலைக் கழகத்தைக் கேள்வியால் பார்க்க வேண்டும்.

பெண்களுக்குக் கதவு திறந்த வரலாறு

"இதெல்லாம் சரி, பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு? ப்ளஸ் டூ போதாதா?" என்று சில இல்லங்களில் இன்றும் கேட்கிறார்கள். அவ்வாறு கேட்பவர்களைக் குறை கூறுவது நம் எண்ணமன்று. பேருந்து, விடுதி, செலவு, திருமணம் என்று அவர்களுக்கு ஆயிரம் கவலைகள். ஆயினும் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

பாளையங்கோட்டையைத் "தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு" எனப் பெருமையுடன் அழைக்கிறோம். ஆனால் அந்த ஆக்ஸ்ஃபோர்டு 1920 வரை பெண்களுக்குப் பட்டம் வழங்கவில்லை. தேர்வில் தேறிய பெண்களும் பட்டமின்றியே வீடு திரும்பினர். கேம்பிரிட்ஜில் முழுமையான பட்டம் கிடைத்தது 1948இல்தான். நம் நாட்டிலோ, கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் 1883இலேயே காதம்பினி பாசு, சந்திரமுகி பாசு ஆகிய இருவர் பட்டம் பெற்றனர். காதம்பினி மருத்துவரானார். சந்திரமுகி பெத்தூன் கல்லூரியின் முதல்வரானார். ஆக்ஸ்ஃபோர்டு பெண்ணுக்குப் பட்டம் தருவதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே பாளையங்கோட்டையில் மகளிர் கல்லூரி தோன்றிவிட்டது. இது நம் மண்ணுக்குரிய பெருமை அன்றோ!

புதுக்கோட்டை மகாராசா கல்லூரியில் முத்துலட்சுமி சேர விரும்பியபோது ஆண்கள் கல்லூரியில் பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் இடமளித்தார், தந்தை துணை நின்றார். அப்பெண்ணே 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னாளில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆவார். அன்று அந்தத் தந்தை, "பிறர் என்ன சொல்வார்கள்?" என்று அஞ்சியிருந்தால், எத்தனை நோயாளிகளுக்கு அது இழப்பாக முடிந்திருக்கும்!

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அனுப்புவதோடு நில்லாமல், ஒரு நாள் நீங்களும் வளாகத்திற்கு வந்து பாருங்கள். பேருந்து எங்கே நிற்கிறது, மகளிர் விடுதி எப்படி உள்ளது, நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கிறது என்று நேரில் கேட்டறியுங்கள். அங்கே படிக்கும் கிராமத்துப் பெண்களோடு பேசுங்கள். பழக்கமில்லாத இடத்தைப் பற்றிய அச்சம், நேரில் கண்டபின் பாதியாகக் குறைந்துவிடும். செலவைப் பொறுத்தவரை உதவித் தொகைகள் பற்றி விசாரித்தறிவது நல்லது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியர் உயர்கல்வி பயில மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்ற மாணவியர்க்கும் 2024 டிசம்பரில் அது விரிவாக்கப்பட்டது. இவ்விவரம் தெரியாமலேயே படிப்பை நிறுத்தும் நிலை எந்த மகளுக்கும் வரக் கூடாது.

செல்லுமுன் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொருவரும் தம் ஊரைப் பற்றி ஒரு கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். குளம், கோயில், தேவாலயம், சந்தை, பனைத் தொழில், பாட்டி பாடும் தாலாட்டு – எதுவாயினும் சரி.

2. அக்கேள்வி எந்தத் துறையைச் சார்ந்தது என்று முன்கூட்டியே ஆசிரியையுடன் கலந்து பேச வேண்டும். இரண்டு துறைகளைச் சார்ந்ததாயின் மேலும் நல்லது.

3. நூலகத்தில் நம் ஊரைப் பற்றிய நூல் ஒன்றையாவது தேடிக் கண்டு, அதன் பெயரையும் ஆசிரியர் பெயரையும் எழுதி வர வேண்டும்.

4. ஆராய்ச்சி மாணவி ஒருவரிடம், "உங்கள் கேள்வி என்ன? அது எப்படித் தோன்றியது?" என்று பணிவுடன் கேட்க வேண்டும். அங்கு மௌனமாகப் படிப்பவர்களுக்கு இடையூறு செய்யலாகாது.

5. திரும்பியபின், "நான் பார்த்தவை" என்று எழுதாமல், "நான் கேட்டறிந்தவை" என்று ஒரு பக்கம் எழுத வேண்டும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

நம் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்ற பெண் யார்? அவர் எந்த வகுப்போடு நிறுத்தினார்? ஏன்? பாட்டியிடமும் அம்மாவிடமும் இக்கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். சில வீடுகளில் விடை புன்னகையாக வரும். சில வீடுகளில் கண்ணீராகவும் வரலாம். எதுவாயினும் அதை எழுதி வையுங்கள். அதுவும் ஒரு வரலாற்றுச் சான்றே.

சென்னையிலிருந்து மதுரைக்கும், மதுரையிலிருந்து அபிசேகப்பட்டிக்கும் பல்கலைக் கழகம் நம்மை நோக்கி வந்து சேர்ந்துவிட்டது. அது இவ்வளவு தூரம் வருவதற்கு 133 ஆண்டுகள் பிடித்தன. எஞ்சியிருப்பது சீவலப்பேரிச் சாலையில் பேருந்து ஏறிச் செல்லும் ஒரு காலைப் பொழுதின் தொலைவுதான். அத்தொலைவை நம் பள்ளியின் ஒவ்வொரு மாணவியும், கையில் தன் கேள்வியோடு கடந்து செல்ல வேண்டும் என்பதே நம் விருப்பமும் வேண்டுதலும்.